ட்ரெய்லர் இரவில் எங்கே நிற்கும்?

வளவும் வேலையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் புல் வெட்டும் தொழில் செய்கிறேன். இது மூன்றாவது வருடம், 38 வீடுகள் கையில் இருக்கின்றன. உதவிக்கு ஒரு பெடியன். அரை டன் பிக்கப் ட்ரக், 52 அங்குல சீரோ டேர்ன் (நின்ற இடத்திலேயே திரும்பும், ஏறி இருந்து ஓட்டுகிற) புல்வெட்டி, நடந்துகொண்டு தள்ளுகிற 36 அங்குல மெஷின், ட்ரிம்மர் இரண்டு, முதுகில் போடும் புளோவர் ஒன்று வைத்திருக்கிறேன். இதுவரை நண்பர் ஒருவரின் திறந்த ட்ரெய்லரை இரவல் வாங்கி ஓட்டினேன். அவர் இப்போது திருப்பிக் கேட்கிறார். இருப்பது பேஸ்மென்ட் வாடகை, ட்ரைவ்வே வீட்டுக்காரரோடு பொது. அதனால் ஒவ்வொரு பின்னேரமும் சாமானை வாடகை ஸ்டோரேஜில் இறக்கி வைத்து, விடியத் திரும்ப ஏற்றுகிறோம். வசந்தத்தில் பூப்பாத்திகளுக்கு மல்ச் (மரச்சீவல்) போடுவதும் இலையுதிர் காலத்தில் இலை அள்ளுவதும் உண்டு. மூடிய ட்ரெய்லர் வாங்கு என்கிறார் ஒருவர், வீணாய்க் காசைக் கொட்டாதே என்கிறார் இன்னொருவர். நான் எதை வாங்க?
(பெயர் வேண்டாம், ஸ்காபரோ)

பதில்: தம்பி, ட்ரெய்லர் விற்கும் இடத்துக்குப் போகுமுன் ஒன்றை முடிவு செய்யுங்கள். வாங்குகிற ட்ரெய்லர் இரவில் எங்கே நிற்கும்? வேலி போட்டுப் பூட்டிய இடம் ஒன்று கிடைத்தால் மூடியதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இப்போதைக்குத் திறந்ததோடு இருங்கள். தெருவோரத்தில் தனியாக நிற்கும் மூடிய ட்ரெய்லரைக் கள்ளன் உடைக்கவே தேவையில்லை. தன் ட்ரக்கில் கொளுவி இழுத்துக்கொண்டு போய்விடுவான். உள்ளே இருந்த அத்தனையும் ஒரே இரவில் போய்விடும்.

திறந்ததில் எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். 2012 ஜூன் மாதம், மார்க்கம் நகரில் ஒரு மூலை வீடு. நானும் மருமகனும் பின்வளவில் நின்றோம். இரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்ததால் தெருவில் என்ன நடக்கிறது என்று காதில் விழவில்லை. முன்னால் வந்து பார்த்தால் ட்ரெய்லரின் ராக்கில் பூட்டியிருந்த இரண்டு ட்ரிம்மரையும் புளோவரையும் காணோம். வெட்டுப்பட்ட பூட்டு ட்ரைவ்வேயில் கிடந்தது. வெட்டிய இடம் புது வெள்ளி மாதிரி மின்னியது. மிஞ்சிப்போனால் 15 நிமிடம்தான் நாங்கள் பின்னால் நின்றிருப்போம். அன்று இன்னும் ஒன்பது வீடு பாக்கி. கடைக்கு ஓடி ஒரு ட்ரிம்மர் வாங்கி வந்து இருட்டும்வரை வெட்டி முடித்தோம். ட்ரக்குக்கு எடுத்த இன்சூரன்ஸ் ட்ரெய்லரில் இருக்கும் கருவிகளுக்குக் காசு தராது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கருவிகளுக்கென்று தனியாக எடுக்கவேண்டும். எந்த ட்ரெய்லர் வாங்கினாலும் முதலில் அதைச் செய்யுங்கள். சீரியல் நம்பர்களையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். ஏற்றி இறக்க ஒரு நாளைக்கு 40 நிமிடம் என்று வையுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிவரை 28 கிழமை, கிழமைக்கு ஐந்து நாள், மொத்தம் 140 நாள். பெருக்கிப் பாருங்கள், 93 மணித்தியாலம் வருகிறது. நீங்கள் இரண்டு பேர். ஆக 186 மணித்தியாலக் கூலி அந்த ஸ்டோரேஜ் வாசலில் போகிறது. அதற்கு மேலே ஸ்டோரேஜ் வாடகை வேறு. அந்த வாடகையைக் கொண்டே வேலி போட்ட யார்ட் ஒன்றில் ஓர் இடம் பிடிக்கப் பாருங்கள். மூடிய ட்ரெய்லரில் எல்லாம் அதனதன் இடத்தில் கட்டியபடியே இருக்கும். விடியப் போய்க் கொளுவி, விளக்கையும் பிறேக்கையும் பார்த்துவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். மூடியது அதே நீளமுள்ள திறந்ததைவிட இரண்டு மடங்கு விலைக்குக் கிட்ட வரும் என்பது உண்மை. ஆனாலும் இந்த நேரக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் அந்த விலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்தது எடை. இதில்தான் நம்மவர்கள் கூடுதலாக மாட்டுப்படுகிறார்கள். உங்கள் சீரோ டேர்ன் ஏறக்குறைய 500 கிலோ, மற்ற மெஷின் 250, கைக்கருவியும் பெற்றோலும் ஒரு 100. மொத்தம் 850 கிலோ. 6 அடிக்கு 12 அடி திறந்த ட்ரெய்லர் வெறுமையாக 450 கிலோ அளவில் இருக்கும். சாமானோடு 1,300. 7 அடிக்கு 14 அடி மூடியது, இரண்டு அக்சில் (சில்லுகளைத் தாங்கும் அச்சு) உள்ளது, வெறுமையாகவே 1,000 கிலோவுக்குக் கிட்ட. சாமானோடு 1,850. ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ இருக்கும் ட்ரெய்லருக்குப் பிறேக் இருந்தே ஆகவேண்டும். ஆகவே மூடியதை எடுத்தால் மின்சாரப் பிறேக்கும், அதை இயக்க ட்ரக்கில் ஒரு கொன்ட்ரோலரும் தேவை. திறந்தது மயிரிழையில் தப்பும், ஆனால் பத்து மூட்டை மண் ஏற்றினால் அதுவும் தாண்டிவிடும்.

ட்ரக், ட்ரெய்லர், சாமான், ஆட்கள் எல்லாம் சேர்த்து 4,500 கிலோவைத் தாண்டினால், தொழில் வாகனம் என்ற கணக்கில் சிவிஓஆர் என்ற, தொழில் வாகனம் ஓட்டுபவருக்கான மாகாணப் பதிவும் வருடாந்தப் பரிசோதனையும் வந்துவிடும். ஆட்களோடு உங்கள் ட்ரக் 2,400 என்று வைத்தால் மூடியதோடு 4,250. மிச்சம் 250 கிலோதான். ஈரமான மல்ச் ஒரு கன யார்டே 300 கிலோவுக்குக் கிட்ட வரும். சாதாரண கார் ஓட்டும் ஜி லைசென்ஸுக்கு எல்லை வேறு: ட்ரெய்லர் 4,600 கிலோவரை, இரண்டும் சேர்த்து 11,000 கிலோவரை. லைசென்ஸ் இடம் கொடுக்கிறதே என்று மற்றதை மறந்துவிடாதீர்கள். நான் சொன்னவை குத்துமதிப்பு. மண் விற்கும் யார்டுகளில் எடைமேடை இருக்கும். முழுச் சாமானோடும் ஒரு நாள் ஏற்றிப் பாருங்கள். ட்ரக்கின் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் தாளையும், பின்னால் கொளுவியில் எழுதியிருக்கும் இழுவை அளவையும் வாசியுங்கள்.

காசை மிச்சம் பிடிக்க 6 அடி அகல மூடிய ட்ரெய்லரைப் பார்ப்பீர்கள். வேண்டாம். 52 அங்குலம் என்பது கத்தி வெட்டும் அகலம் மட்டும். புல் வெளியே தள்ளும் அந்த ரப்பர் வாயையும் சேர்த்தால் 65 அங்குலத்துக்குக் கிட்ட வரும். 6 அடி என்று விற்பதன் உள்பக்கம் 70 அங்குலம்கூடத் தேறாது. மெஷின் உள்ளே போய்விடும், ஆனால் அதைத் தாண்டி நீங்கள் போகமுடியாது. பட்டி கட்ட ஒவ்வொரு முறையும் மெஷினுக்கு மேலாலே ஏறவேண்டும், அதுவும் சுடச்சுட இருக்கும் என்ஜினுக்குப் பக்கத்தாலே. திறந்த ட்ரெய்லரில் இந்தக் கரைச்சல் இல்லை. வெளியே நின்றபடியே கம்பிக்கு மேலால் கையை விட்டுக் கட்டிவிடலாம். மூடியதென்றால் 7 அடி அகலமும் பக்கக் கதவும் இருக்கட்டும். பக்கக் கதவு இல்லாவிட்டால் ஒரு ட்ரிம்மர் எடுக்கவும் பின்னால் போய், சாய்பலகையாக விரியும் ராம்ப் கதவை இறக்கவேண்டும். ஒரு நாளில் எத்தனை வீடு என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், பெற்றோல். இதைக் கவனமாக வாசியுங்கள். மூடிய ட்ரெய்லர் வாங்கிய முதல் ஜூலையில், நீண்ட வார இறுதி முடிந்து செவ்வாய் விடியப் போய் ராம்ப் கதவை இறக்கினேன். முகத்தில் அடித்த மாதிரி ஒரு மணம். கண் எரிந்தது. ஒரு பெற்றோல் கானின் மூடி சரியாக இறுகவில்லை, மூன்று நாள் வெயிலில் ஆவி முழுவதும் உள்ளே நின்றிருக்கிறது. மருமகன் வழக்கம்போல உள்விளக்கின் சுவிட்சுக்குக் கையை நீட்டினான். அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், தரையோடு படிந்து நிற்கும். கூரையில் மட்டும் காற்றுவழி வைத்தால் போதாது. சுவரில், தரைக்குக் கிட்டவும் இரண்டு பக்கமும் காற்றுவழி வேண்டும். இப்போது நான் கான்களை உள்ளே வைப்பதே இல்லை. ட்ரெய்லரின் முன் நாக்கில் (ட்ரக்கோடு கொளுவும் நீட்டுச் சட்டத்தில்), வெளியே, பூட்டுகிற கம்பிக்கூடு ஒன்று பொருத்தி அதில் வைக்கிறேன். உள்ளே நின்று பெற்றோல் நிரப்புவதும் கூடாது.

ஈரப்புல்லும் அப்படித்தான். மழைநாளில் வெட்டிவிட்டு மெஷினின் அடிப்பக்கத்தைச் சுரண்டாமல் பூட்டினால், மறுநாள் புளித்த மணம் வரும். நாளடைவில் பிளைவூட் தரை கறுத்து உக்கிப்போகும். கடைசி வீட்டில் ஐந்து நிமிடம் செலவழித்துச் சுரண்டி, புளோவரால் ஊதிவிட்டு ஏற்றுங்கள். திறந்ததில் இதைக் காற்றும் வெயிலும் பார்த்துக்கொள்ளும்.

மல்ச்சுக்கும் இலைக்கும் திறந்ததுதான் சரி. மல்ச் விற்கும் யார்டில் லோடர் மேலாலே கொட்டும், மூடியதில் கொட்ட வழியில்லை. ஆனால் உங்களுக்கு அந்த வேலை வசந்தத்தில் சில கிழமை, இலையுதிர் காலத்தில் சில கிழமை. அந்த நாட்களுக்கு மல்ச்சை விற்பவரையே வீட்டு வாசலில் கொட்டச் சொல்லலாம், இலையைக் காகிதப் பைகளில் கட்டலாம், ஒரு திறந்த ட்ரெய்லரை வாடகைக்கு எடுக்கலாம். சீசன் முழுக்க நடக்கும் புல் வேலைக்கு எது பொருந்துமோ அதை வாங்குங்கள். என்னிடம் இன்று இரண்டும் உண்டு. பழைய திறந்தது வருடத்தில் பத்துக் கிழமை ஓடும், மிச்ச நாள் சும்மா நிற்கும்.

ஆகவே என் சொல்: யார்டில் இடம் பிடியுங்கள், பிடித்தபின் 7க்கு 14 மூடியது. இடம் கிடைக்கும்வரை 6க்கு 12 திறந்தது ஒன்றைப் பழசாக வாங்கி, ட்ரிம்மர் ராக்குக்கு நல்ல பூட்டுப் போட்டு, பின்வளவுக்குப் போகும்போது பெடியனை முன்னால் நிற்கவிட்டு வெட்டுங்கள். மூடியதில் பாரமான மெஷினை அக்சிலுக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் கொளுவியில் இறங்கவேண்டும். பாரம் பின்னால் போனால் 401 நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். உயரமான பக்கச்சுவர் என்பதால் குறுக்குக் காற்றுக்கும் தள்ளும். முதல் கிழமை வேகத்தைக் குறைத்தே ஓடுங்கள்.

கேள்வி: சொந்த வீட்டு ட்ரைவ்வேயில் மூடிய ட்ரெய்லரை நிறுத்தினால் யாரும் கேள்வி கேட்கலாமா? (பிரம்ரன் வாசகர்)

பதில்: கேட்கலாம். ஒவ்வொரு நகரசபைக்கும் தனித்தனி விதி உண்டு. நீளம், உயரம், எத்தனை நாள் என்றெல்லாம் பார்ப்பார்கள். வாங்குவதற்கு முன்னர் 311க்கு அழைத்து, நீங்கள் வாங்கப்போகும் அளவைச் சொல்லிக் கேளுங்கள். டவுன்ஹவுஸ் என்றால் அங்குள்ள நிர்வாகத்தின் விதியையும் வாசியுங்கள், அது இன்னும் இறுக்கமாக இருக்கும்.

கேள்வி: அண்ணா, என் கணவர் பழைய மூடிய ட்ரெய்லர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். பூச்சு புதிது, பார்க்க நன்றாக இருக்கிறது. வேறு எதைப் பார்க்கவேண்டும்? (ஏஜக்ஸ் வாசகி)

பதில்: தங்கச்சி, பூச்சை விடுங்கள். பகலில் இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். கூரையிலோ மூலையிலோ ஊசித்துளை மாதிரி வெளிச்சம் வந்தால் அதனாலே மழையும் வரும். தரையின் ஓரங்களை ஸ்க்ரூ ட்ரைவரால் குத்திப் பாருங்கள், இறங்கினால் பலகை உக்கிவிட்டது. குனிந்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். இங்கே மாரியில் தெருவுக்குப் போடும் உப்பு அதைத்தான் தின்னும். சட்டத்தில் இருக்கும் இலக்கமும் உரிமைப் பத்திரத்தில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில்லாவிட்டால் அந்த இடத்திலேயே திரும்பி வாருங்கள். கடைசியாக ரயர். தெருவில் படும் பக்கம் புதிதுபோல இருந்தாலும், பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சடித்திருக்கும். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. அப்படியானால் புது ரயர்களின் காசைக் கழித்துத்தான் விலை பேசச் சொல்லுங்கள்.