கையில் ஒரு நம்பர் இருக்கிறது, இனி என்ன?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறாள். போன வாரம் இரவு பதினோரு மணிக்கு லேபிலிருந்து நடந்து வந்தபோது, ஒருவன் விடுதி வாசல்வரை பின்தொடர்ந்திருக்கிறான். கேம்பஸ் போலீஸ் வந்து விசாரித்து, நம்பர் எழுதிய கார்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். அப்புறம் பேச்சே இல்லை. மாணவர்களுக்கு எச்சரிக்கை மெயிலும் போகவில்லை. 'காலேஜ் பேர் கெடக்கூடாதுன்னு அமுக்கிடுவாங்க' என்கிறார்கள் தோழிகள். விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று எனக்குப் பயம். விட்டுவிடச் சொல்லட்டுமா?
— ஒரு தாய்

பதில்: விட்டுவிடச் சொல்லாதீர்கள், சகோதரி. பாதிக்கப்பட்டவள் புகார் கொடுத்ததற்காக விசா போய்விடாது.

அங்கே ஒரு பல்கலைக்கழகப் போலீஸ் நிலையத்தில் ஒன்பது வருஷம் புகார்ப் பதிவு மேசையில் இருந்தவள் நான். ஒரு நாள் நம் ஊர்ப் பெண் ஒருத்தி வந்தாள். பார்க்கிங் கட்டடத்தில் ஒருவன் வழிமறித்தான் என்று ஆரம்பித்தவள், படிவத்தைப் பார்த்ததும் 'ஒண்ணுமில்லக்கா, விட்டுடுங்க' என்று எழுந்து போய்விட்டாள். நானும் தடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து அதே கட்டடத்தில் இன்னொரு பெண்ணின் கையை ஒருவன் பிடித்து இழுத்தான். முதல் சம்பவம் எங்கள் பதிவில் இல்லாததால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அன்று அவளை உட்காரவைத்து எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்தக் கார்டில் இருப்பது கேஸ் நம்பர். பத்திரமாக வைத்திருக்கட்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இவர்கள் கைது செய்யும் அதிகாரமுள்ள முழு போலீஸ். வெறும் காவலாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள்.

1986-ல் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி, லீஹை பல்கலைக்கழக விடுதியில் தன் அறையிலேயே கொல்லப்பட்டாள். பெற்றோர் விடாமல் போராடியதில் 1990-ல் சட்டம் வந்தது. இன்று அது அவள் பெயரில்தான் இருக்கிறது. அதன்படி கேம்பஸ் போலீஸ் தினசரி குற்றப் பதிவேடு வைக்க வேண்டும். புகார் வந்த இரண்டு வேலை நாளுக்குள் அதில் ஏற்ற வேண்டும். கடைசி 60 நாள் பதிவை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். உங்கள் மகள் அதைக் கேட்டுப் பார்க்கட்டும்.

அதில் இல்லையென்றால் உடனே 'அமுக்கிவிட்டார்கள்' என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரே ஒரு முறை பின்தொடர்ந்ததைச் சட்டம் பொதுவாக 'ஸ்டாக்கிங்' என்று எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு தடவையாவது நடந்திருக்க வேண்டும். அதனால் 'சந்தேக நபர்' என்று மட்டும் எழுதியிருக்கலாம்; அப்படியானால் குற்றப் பதிவேட்டில் ஏறாமல் போயிருக்கலாம். சட்டம் சொல்லும் குற்றம் நடந்து, ஆபத்து தொடர்கிறது என்றால்தான் எச்சரிக்கை மெயில் கட்டாயம். ஆனால் தோழிகள் சொல்வதும் கற்பனை அல்ல. குற்றப் புகார்களைக் கையாண்டதில் நடந்த தவறுகளுக்காக லிபர்ட்டி பல்கலைக்கழகத்துக்கு 2024-ல் 1.4 கோடி டாலர் அபராதம் விதித்தார்கள்.

அவள் இன்றே செய்ய வேண்டியது, அந்த அதிகாரிக்கு ஒரு மெயில். கேஸ் நம்பர், தேதி, நேரம், நடந்து வந்த வழி, அவன் போட்டிருந்த உடை எல்லாம் எழுதட்டும். அந்த வழியிலுள்ள கேமராப் பதிவுகளை எடுத்துவைக்கும்படி தனி வரியில் கேட்கட்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. நாளானால் பழைய பதிவு மேல் புதியது ஏறி அழிந்துவிடும். அவனை மறுபடி எங்கே பார்த்தாலும், தூரத்தில் நின்றாலும்கூட, அதே நம்பரைச் சொல்லித் தெரிவிக்கட்டும். இரண்டாவது தடவை என்பது அப்போதுதான் எழுத்தில் நிற்கும். பதிலே வராவிட்டால் நகரப் போலீஸிடம் போகலாம். பல்கலைக்கழகத்தின் அனுமதி அதற்குத் தேவையில்லை.

பல கேம்பஸ்களில் ராத்திரி விடுதிவரை துணைக்கு வரும் சேவை உண்டு. அந்த நம்பர் அவள் போனில் இருக்கிறதா என்று இன்று பேசும்போது கேளுங்கள்.