குழந்தைகளின் உரிமையும் பொறுப்பும்: கேள்வி பதில்

காங்கேயம் பகுதியிலிருந்து ஒரு தந்தை: பள்ளி விட்டு வந்ததும் என் 12 வயது மகன் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்திலிருந்து ஆடுகளை ஓட்டிவந்து பட்டியில் அடைக்கிறான். இதுவும் சட்டப்படி குற்றமாகுங்களா?

பதில்: குற்றமாகாது, ஐயா. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயது நிறையாத எவரையும் எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்று விதித்ததோடு, பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ, படிப்பு கெடாமல், ஆபத்தில்லாத குடும்ப வேலையில் உதவுவதற்கு விலக்கும் அளித்தது. பட்டியின் படலைச் சாத்திவிட்டு வந்த பிறகு பாடம் எழுதவும் விளையாடவும் அவனுக்குப் பொழுது மிச்சமிருந்தால் அது வீட்டுப் பொறுப்பு. ஆடு மேய்க்க ஆளில்லை என்று ஒரு நாள் வகுப்பை நிறுத்தினாலும் அவனுடைய கல்வி உரிமையில் நாம் கை வைக்கிறோம்.

கோபியிலிருந்து ஓர் ஆசிரியை: உரிமைகளையே சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் கடமையை மறந்துவிட மாட்டார்களா?

பதில்: மறக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன், அம்மா. 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்டு, 1992இல் இந்தியாவும் இணைந்த குழந்தை உரிமை உடன்படிக்கையே, பெற்றோரையும் பிறர் உரிமையையும் மதிக்கப் பழக்குவது கல்வியின் நோக்கம் என்று 29ஆம் பிரிவில் கூறுகிறது. ஆனால் கடமையைச் செய்தால்தான் உரிமை என்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையையும் அடிக்கக் கூடாது; 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், அதைத் தடை செய்கிறது.

நான் பணியிலிருந்தபோது, சாயப்பட்டறையில் வேலை செய்யும் தந்தை ஒருவர் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திட வந்தார். அவருடைய நகக்கண்ணில் நீலம் ஏறியிருந்ததைப் பார்த்த மாணவர்கள், மறுநாளிலிருந்து அவர் மகனைச் ‘சாயம்’ என்றே அழைத்தார்கள். ‘உங்களை எப்படி அழைக்க வேண்டும்?’ என்று ஒவ்வொருவரையும் எழுதித் தரச் சொன்னேன். எல்லோரும் தங்கள் சொந்தப் பெயரையே எழுதியிருந்தார்கள். அந்தத் தாள்களை உரக்கப் படித்தபின் கேலி நின்றது. தனக்கு வேண்டிய மரியாதை அடுத்தவனுக்கும் உரியது என்பதை அவர்கள் உரிமையின் வழியாகத்தான் கண்டுகொண்டார்கள்.

தாராபுரத்திலிருந்து 15 வயது மாணவி: பத்தாம் வகுப்பு முடித்துவிட்டேன். வீட்டில் மில்லுக்கு அனுப்பப் பேசுகிறார்கள். எனக்குப் படிக்க ஆசை. மறுத்துப் பேசலாமா?

பதில்: தாராளமாகப் பேசலாம், அம்மணி. உன்னைப் பற்றிய முடிவில் உன் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. 14 முதல் 18 வயது வரையிலானவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்தவும் தடை உண்டு. வீட்டின் கடன், செலவு ஆகியவற்றைப் பொறுமையாகக் கேட்டறிந்து, உன் வகுப்பாசிரியரையும் அழைத்துவந்து பேசு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்து முடித்தால், கல்லூரியில் சேரும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதையும் சொல். கட்டாயப்படுத்தினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழை. இரவானாலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.