கவுன்சலரிடம் சொன்னது யார் காதுக்குப் போகும்?

கேள்வி: ஆம்புலன்ஸில் ஆறு வருஷமாக ஈ.எம்.டி.யாக, அதாவது வண்டியிலேயே அவசர சிகிச்சை தரும் ஆளாக இருக்கிறேன். நாலு மாதத்துக்கு முன்னால் பைபாஸில் ஒரு விபத்து. குழந்தையைத் தூக்கும்போது, நடந்தால் லைட் எரியுமே அந்தச் செருப்பு, ஒரு காலில் மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது. அதிலிருந்து தூக்கம் போய்விட்டது, கடையில் அந்த மாதிரிச் செருப்பைப் பார்த்தால் கை நடுங்குகிறது. ஆபீஸில் கவுன்சலிங் போகச் சொல்கிறார்கள். போன வருஷம் போய்வந்த ஒரு பைலட்டை (ஆம்புலன்ஸ் டிரைவரை அப்படித்தான் சொல்வோம்) பற்றி ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோய், 'அவனுக்கு மண்டை சரியில்லை' என்றார்கள். நான் போகலாமா?
- பெயர், ஊர் வேண்டாம்

பதில்: பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன் தம்பி. விபத்து நடந்த தேதியையும் சாலையின் பெயரையும் கூட எடுத்துவிட்டேன், அது இரண்டும் இருந்தால் உங்கள் ஆட்கள் ஐந்து நிமிஷத்தில் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

போங்கள், கட்டாயம் போங்கள். நாலு மாதம் தூங்காமல் வண்டியில் ஏறுவது உங்களுக்கும் நல்லதில்லை, உள்ளே படுத்திருப்பவருக்கும் நல்லதில்லை. ஆனால் உட்கார்ந்ததும் செருப்பைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். முதல் பத்து நிமிஷம் நீங்கள் கேள்வி கேளுங்கள். உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார், நான் சொல்வதை எழுதிவைக்கும் நோட்டு யாரிடம் இருக்கும், ஆபீஸுக்கு ரிப்போர்ட் போகுமா, போனால் அதில் என் பெயர் இருக்குமா, எந்தச் சூழ்நிலையில் என்னைக் கேட்காமலே வெளியே சொல்வீர்கள்? நல்ல கவுன்சலர் இதற்குக் கோபப்பட மாட்டார், கேட்பதற்கு முன்னாலேயே சொல்லியிருப்பார். 'இந்த மாதம் இத்தனை பேர் வந்தார்கள்' என்ற எண்ணிக்கை மட்டும் நிர்வாகத்துக்குப் போகும் என்றால் அது சரியான ஏற்பாடு. மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: இது கவுன்சலிங்கா, இல்லை, நான் வேலைக்குத் தகுதியா என்று பார்க்கும் பரிசோதனையா? இரண்டும் ஒரே அறையில், சில இடங்களில் ஒரே ஆள் வைத்து நடக்கிறது. பரிசோதனை என்றால் முடிவு நிர்வாகத்துக்குத்தான் போகும். அதைத் தெரியாமல் மனசைக் கொட்டிவிட்டு மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

அந்த பைலட் விஷயத்தில் கவுன்சலர்தான் வாய்விட்டார் என்று முடிவு கட்ட வேண்டாம். நான் ஒரு இடத்தில் பார்த்தேன், கதவுக்கு வெளியே ஒரு ரிஜிஸ்டர், பெயர், பணி எண், 'வந்த காரணம்' என்று கட்டம் போட்டு, அதற்கு நேர் எதிரே டீ கேன். டீ குடிக்க வருகிற எல்லோரும் அதைப் படித்துக்கொண்டுதான் குடிப்பார்கள்! அன்றைக்கே அந்த நோட்டை உள்ளே எடுத்துவைக்கச் சொன்னேன். அதே போல, பெரிய விபத்துக்கு அப்புறம் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, சூபர்வைசரும் கூட உட்கார்ந்து, 'மனசில் இருப்பதைச் சொல்லுங்கள்' என்பார்கள். அங்கே வாய் திறக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. கூட இருக்கும் பத்துப் பேரை எந்த ரகசியக் கடமையும் கட்டுப்படுத்தாது. சம்பவம் நடந்த கையோடு நடந்ததையெல்லாம் விலாவாரியாகச் சொல்லவைக்கும் இந்த முறையை உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, முழுசாக இல்லாவிட்டாலும். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, பிரிவு 23, சிகிச்சை தருபவர்கள் ரகசியம் காக்க வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து, இன்னொருவருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு, பொதுமக்கள் பாதுகாப்பு மாதிரியான விதிவிலக்குகள் உண்டு, தீங்கைத் தடுக்கச் சொல்லும்போதும் அதற்குத் தேவையான அளவுதான் சொல்ல வேண்டும். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். இரவில் திடீரென்று தாங்க முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், ஆபீஸ் வழியாகப் போக வேண்டியதில்லை.

கேஸ் ஏதாவது கோர்ட்டில் இருந்தால் கொஞ்சம் ஜாக்கிரதை. அமெரிக்காவில் 1991-ல் மேரி லூ ரெட்மண்ட் என்ற போலீஸ்காரர், சண்டை நடக்கிறது என்று அழைப்பு வந்து போன இடத்தில் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். அப்புறம் சமூகப் பணியாளர் ஒருவரிடம் ஐம்பது முறை போல கவுன்சலிங் போனார். இறந்தவரின் குடும்பம் வழக்குப் போட்டு அந்தக் குறிப்புகளைக் கேட்டது, ரெட்மண்டும் அந்தச் சமூகப் பணியாளரும் தர மறுத்தார்கள். 1996-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், தர வேண்டியதில்லை என்றது. நம் சாட்சியச் சட்டம் வக்கீலிடம் பேசுவதற்குத் தருகிற காப்பை கவுன்சலரிடம் பேசுவதற்குத் தரவில்லை. இது மாற வேண்டும் என்று நான் சொல்லாத மேடை இல்லை. அதுவரை, வழக்கு இருந்தால் முதலில் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் தீயணைப்புத் துறையில் இருக்கிறார். கவுன்சலிங் போகிறார், வீட்டில் ஒன்றும் சொல்வதில்லை. கவுன்சலருக்கு போன் செய்து கேட்கலாமா?
- ஒரு சகோதரி

பதில்: கேட்டால் சொல்ல மாட்டார் சகோதரி, சொன்னால் அவரிடம் உங்கள் கணவர் போகக் கூடாது. ஆனால் நீங்கள் சொல்வதை அவர் கேட்டுக்கொள்ளலாம். ராத்திரி எழுந்து கேஸ் சிலிண்டரை மூன்று தடவை மூடிப் பார்க்கிறார், குடி கூடியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு உதவும். போன் செய்யப்போவதை மட்டும் கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் அவர் பேசாமல் இருப்பதைக் கொஞ்ச நாள் விட்டுப்பிடியுங்கள்.

கேள்வி: கூட வேலை பார்க்கும் நண்பன் 'செத்துப்போகலாம் போல இருக்கு, யாரிடமும் சொல்லாதே' என்று சத்தியம் வாங்கிவிட்டான். என்ன செய்வது?
- ஒரு தீயணைப்பு வீரர்

பதில்: சத்தியத்தை மீறுங்கள், இன்றைக்கே. ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் வேண்டாம். 'உன்னை இழக்க என்னால் முடியாது, நாம் இரண்டு பேரும் சேர்ந்து இப்போதே ஒருவரிடம் பேசுவோம்' என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தபடியே 14416-ஐ அழையுங்கள், இல்லாவிட்டால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். எப்படிச் செய்யலாம் என்று யோசித்து வைத்திருக்கிறானா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மருந்து, கயிறு எதுவும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டாம். ஸ்டேஷனில் எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை, வீட்டில் ஒருவருக்கும் டாக்டருக்கும் தெரிந்தால் போதும். இன்று ராத்திரி அவனைத் தனியாக விடாதீர்கள்.