மேற்கோள் காட்டிய கட்டுரை மீளப்பெறப்பட்டால்

தங்கச்சி, யாழ்ப்பாணக் கம்பஸில் ஆய்வேடு ஒப்படைக்கிற நேரத்தில், மேற்கோள் காட்டிய கட்டுரையை ஜேர்னல் மீளப்பெற்றுவிட்டது, அதாவது இனி அதை நம்பமுடியாது என்று அறிவித்துவிட்டது என்றால் பதகளிப்பு வரத்தான் செய்யும். ஆனால் பிழை உங்களுடையது இல்லை.

அந்தக் கட்டுரையைப் பெரும்பாலும் அழிக்கமாட்டார்கள்; பக்கங்களின் குறுக்கே 'மீளப்பெறப்பட்டது' என்று முத்திரை போட்டு, தனியாக ஓர் அறிவித்தல் விடுவார்கள். முதலில் அதை வாசியுங்கள். நேர்மையான கணக்குப் பிழையா, இட்டுக்கட்டிய தரவா? சில ஜேர்னல்கள் காரணம் சொல்லாமல் ஒரே வரியில் முடித்துவிடுவது பெரிய அநியாயம். தாமதமும் அப்படித்தான்: தடுப்பூசியை ஓட்டிசத்தோடு தொடர்புபடுத்திய, பிரித்தானிய மருத்துவர் வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை 'லான்செட்' என்ற மருத்துவ ஜேர்னல் முழுதாக மீளப்பெற்றது 2010இல்.

மேற்பார்வையாளரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். உங்கள் வாதம் அந்த முடிவில் தங்கியிருந்தால் வேறு ஆதாரம் தேட வேண்டும், இல்லையென்றால் அந்த மேற்கோளை நீக்கிவிடலாம். பிறகு மற்றக் கட்டுரைகளையும் மேற்கோள்களைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் மென்பொருளான ஜொடேரோவில் (Zotero) போட்டுப் பாருங்கள், மீளப்பெற்றவற்றுக்கு எச்சரிக்கை காட்டும்.