ரப்பர் தோட்டத்தை விட்டு வந்த பிறகும் தோட்டத்துப் பழக்கம் ஏன் போவதில்லை? 'ஹாபிட்டஸ்' என்றால் என்ன?

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு (1930–2002) இதை ஹாபிட்டஸ் என்ற கருத்தால் விளக்கினார். அன்றாடம் வாழும் முறை உடம்பில் ஊறி, யோசிக்காமலே வெளிப்படும் இயல்புதான் அது.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரப்பட்டைக்குள் அழுத்தம் அதிகம். பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். மழையில் பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டுச் சிதறி வழிந்து வீணாகும். அன்று பால்வெட்டு இல்லை, வருமானத்திலும் துண்டு விழும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு, அதாவது வேலைக்குப் போகுமுன் பெயர் கூப்பிடுவது. அதற்கும் முன்பே அடுப்பு மூட்டிச் சாப்பாடு கட்டியாக வேண்டும். மரத்தின் நேரமே வீட்டின் நேரமானது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) அப்படி வாழ்ந்தவர், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறி ஓய்வுபெற்ற பின்னும் நாலரைக்கு எழுகிறார்; கதவைத் திறந்ததும் முதலில் வானத்தைப் பார்க்கிறார்.

தாய்மொழி பேசுவது போலத்தான் இதுவும். இலக்கணம் கேட்டால் சொல்ல வராது, ஆனால் யாராவது தப்பாகப் பேசினால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

இதை இரத்தத்தில் வந்த குணம் என்று நினைத்து, 'தோட்டக்காட்டுப் புத்தி' என்று இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. அது பெரிய தவறு. பூர்தியு பேசியது பிறப்பைப் பற்றி அல்ல, வளர்ந்த சூழலைப் பற்றி. தாமானில் வளர்ந்த பேரனுக்கு மழையைப் பார்த்தால் கூலி நினைவுக்கு வராது.