ஏழு பேர் ஏறும் வண்டி, நான்கு மாதப் பனி: எந்த டயர் வாங்குவது?

கேள்வி: எங்களிடம் மூன்று வரிசை இருக்கை உள்ள பெரிய எஸ்.யு.வி. இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. வருடத்தில் நான்கு மாதம் பனி. குளிர்காலத்துக்கென்று தனி டயர் வாங்கினால் வைக்க இடமில்லை, இரண்டு முறை மாற்ற அலையவும் வேண்டும். ‘ஆல் வெதர்’ வாங்கினால் ஒரே செட் போதும் என்கிறார்கள். இப்போது இருக்கும் ‘ஆல் சீசன்’ டயரும் அதேதானே, எதற்கு வீண் செலவு என்கிறார் கணவர். இரண்டும் ஒன்றா? பிள்ளைகள், மாமனார், மாமியார் எல்லோரும் போகிற வண்டி. தப்பாக வாங்கிவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

பதில்: இரண்டும் ஒன்றில்லை. பெயர்தான் குழப்புகிறது. வண்டி பக்கத்தில் குனிந்து, டயரின் பக்கச் சுவரைக் கையால் துடைத்துவிட்டுப் பாருங்கள். மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள் என்று சின்னம் பொறித்திருந்தால், அந்த டயர் இறுகிய பனியில் ஓட்டிச் சோதிக்கப்பட்டு, குறித்த அளவுக்குப் பிடிப்பு காட்டியிருக்கிறது என்று பொருள். ‘எம்+எஸ்’ என்ற எழுத்து மட்டும் இருந்தால், சேறுக்கும் பனிக்கும் ஏற்றபடி பள்ளங்கள் வெட்டியிருக்கிறோம் என்று தயாரிப்பாளர் சொல்லிக்கொள்வது. அதற்குப் பனியில் சோதனை கட்டாயமில்லை. சாதாரண ஆல் சீசன் டயர்களில் பெரும்பாலும் இந்த எழுத்துதான் இருக்கும். ஆல் வெதர் என்று விற்பதில் மலைச் சின்னம் இருக்க வேண்டும். கடைக்காரர் எந்தப் பெயரைச் சொன்னாலும் சின்னத்தை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு வாங்குங்கள்.

ரப்பரும் வேறு. வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகப் போக, வெயில் காலத்துக்கான ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். ஆல் வெதர் டயரின் கலவை குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்தது. தரையைத் தொடும் அதன் ரப்பர் கட்டைகளில் கத்தியால் கீறியது போல மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். பனியைக் கவ்வுவதற்கு அந்த விளிம்புகள்தான் உதவுகின்றன.

கணவரிடம் இதையும் சொல்லுங்கள். நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்துவதற்கு உதவாது. சில வருடங்களுக்கு முன் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன இறக்கத்தில் வந்தேன். வரும் வழியில் இருந்த ஏற்றத்தில் சக்கரம் ஒரு முறைகூட வழுக்கவில்லை. அந்த நம்பிக்கையில்தான் இறங்கினேன். கீழே நிறுத்தக் கோட்டுக்கு முன் பிரேக்கை மிதித்தால் காலடியில் ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) கடகடவென்று அதிர்கிறது, வண்டி நிற்கவில்லை. மனிதர் நடக்கிற வேகத்தில் கோட்டைத் தாண்டி, சந்தியின் பாதிவரை போய் நின்றது. “ஏம்மா நிக்கல?” என்று பின்னாலிருந்து சின்னவள் கேட்டாள். குறுக்கே அப்போது வண்டி எதுவும் வரவில்லை. வீட்டுக்கு வந்து டயரைப் பார்த்தேன்: எம்+எஸ் மட்டும். அன்றிலிருந்து ‘எவ்வளவு நன்றாகக் கிளம்பும்’ என்று நான் டயரைப் பார்ப்பதில்லை, ‘எவ்வளவு தூரத்தில் நிற்கும்’ என்றுதான் பார்க்கிறேன்.

ஆனால் மலைச் சின்னத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வட அமெரிக்காவில் அந்தச் சோதனை, இறுகிய பனியில் டயர் எவ்வளவு நன்றாக வேகமெடுக்கிறது என்பதை அளப்பது. கண்ணாடி போல உறைந்த ஐஸில் பிரேக் போட்டால் என்ன ஆகும் என்பது அதில் அளக்கப்படுவதில்லை. ஐஸில் நல்ல குளிர்கால டயருக்கு ஆல் வெதர் ஈடாகாது.

அதனால் என் முடிவு இப்படி. உங்கள் பக்கத்தில் பனி விழுந்த சில மணி நேரத்தில் சாலையைச் சுத்தம் செய்துவிடுவார்கள், குளிர் பெரும்பாலும் பூஜ்ஜியத்தை ஒட்டியே ஏறி இறங்கும், காலையில் ஈரம், மாலையில் பனி, அடுத்த நாள் வெயில் என்றால் ஆல் வெதர் உங்களுக்குப் பொருத்தம். தாராளமாக வாங்குங்கள். வாரக்கணக்கில் மைனஸ் 15, 20 என்று கிடந்து, வீட்டுத் தெரு முழுக்க ஐஸ் தகடாகிவிடும், மலைப்பாதையில் அடிக்கடி போவீர்கள் என்றால், இடப் பிரச்சினையை எப்படியாவது சமாளித்துத் தனிக் குளிர்கால டயர் போடுங்கள். சில டயர் கடைகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு அடுத்த செட்டைப் பத்திரமாக வைத்துக்கொடுப்பார்கள். சட்டப்படி பார்த்தால் இரண்டும் சரி: கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயக் குளிர்கால டயர் விதிக்கும், ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் எம்+எஸ் மட்டும் போதாது என்றான விதிக்கும், மலைச் சின்னம் உள்ள ஆல் வெதர் பொருந்தும்.

பெரிய வண்டி என்பதால் இன்னொன்றை விட்டுவிடாதீர்கள். டயரில் 275/55 ஆர் 20 என்பது போன்ற அளவுக்கு அடுத்து 113, 117 என்று ஓர் எண் வரும். அது சுமை எண். 113 என்றால் ஒரு டயர் 1150 கிலோ தாங்கும். 117 என்றால் 1285 கிலோ. ஒரே அளவு டயர் இரண்டு சுமை எண்ணிலும் கிடைக்கும், விலை குறைவானதை எடுத்து மாட்டிவிடுவதும் நடக்கும். ஏழு பேரை ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தாலே 490 கிலோ. பெட்டிகள், கூரைமேல் சாமான் தனி. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டுத்தாள் தெரியும். அதில் டயர் அளவு இருக்கும். சுமை எண்ணும் அதிலோ கையேட்டிலோ இருக்கும். அந்த எண்ணுக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். ‘எல்.டி.’ என்ற லாரி ரக டயர் இன்னும் பலமாயிற்றே என்று யாராவது சொன்னால், கனமான டிரெய்லர் இழுப்பவர்களுக்கு அது சரி. உங்களுக்குத் தேவையில்லை. காற்றழுத்தம் கூடுதலாக வைக்க வேண்டும், மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பு நோகும்.

கேள்வி: பின் டயர் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. முன்பக்கம் மட்டும் இரண்டு ஆல் வெதர் போட்டால் போதாதா?

பதில்: போதாது, ஆபத்தும்கூட. முன்பக்கம் பிடித்து, பின்பக்கம் வழுக்கினால் வளைவில் வண்டி சுழன்றுவிடும். நான்கு சக்கர இயக்கத்தில் டயர்களின் சுற்றளவு வேறுபட்டால் உள்ளே இருக்கும் பற்சக்கரங்களும் தேயும். நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள்.

கேள்வி: வெயில் காலத்திலும் அதே டயரில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடாதா? எத்தனை வருடம் வரும்?

பதில்: ரப்பர் இளக்கம் என்பதால் சுடுதாரில் சற்று வேகமாகத் தேயும். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்னும் பின்னுமாக இடம் மாற்றுங்கள். ஆல் வெதரில் பல, அம்புக்குறி போட்ட ஒரே திசை டயர்கள். அவற்றை இடது வலது மாற்றக் கூடாது.

வருடக் கணக்கைவிடப் பள்ளத்தின் ஆழத்தைப் பாருங்கள். புது டயரில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இருக்கும். பல நாடுகளில் சட்டம் 1.6 வரை விடும். ஆனால் 4 மில்லிமீட்டருக்கு வந்ததும் பனியில் அது பாதி டயர்தான். கீறல்களும் அதற்குள் மழுங்கிப்போயிருக்கும். அளக்கும் கருவி மிக மலிவு. அக்டோபரில் ஒரு முறை நான்கையும் அளந்து, 5-க்கு அருகே வந்திருந்தால் அந்தக் குளிர்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

காற்றை மறந்துவிடாதீர்கள். வெப்பம் ஐந்தரை டிகிரி இறங்கினால் அழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும். 20 டிகிரி சூடுள்ள வண்டிக் கூடத்தில் 35 வைத்து, மைனஸ் 20-இல் வண்டியை நிறுத்தினால் மறுநாள் காலை 28 தான் இருக்கும். ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து ஏற்றுங்கள்.

மாட்டும் அன்று பக்கச் சுவரில் ‘DOT’ என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3524 என்றால் 2024-இன் 35-ஆவது வாரம் செய்தது. பல வருடம் கிடங்கில் கிடந்ததைப் புதிது என்று தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் திரும்பப் போய்ச் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கிக்கொண்டு வாருங்கள்.