பிரஷர் மாத்திரையை ஏன் பாதியில் விடுகிறார்கள்?

தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் அப்பா, பிரஷர் மாத்திரையை இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டார் என்கிறீர்கள். பெரும்பாலும் அளவு 120/80 வந்ததும் ‘குணமாகிவிட்டது’ என்று விட்டுவிடுவார்கள். மாத்திரை வேலை செய்வதால்தான் அந்த அளவு. நிறுத்தினால் தலைவலிகூட இல்லாமல் மறுபடி ஏறும்.

பக்கவிளைவையும் கேளுங்கள். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில் என்ற மாத்திரையால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார், பலர் சொல்வதே இல்லை. அடினோலால் என்ற மாத்திரையாக இருந்தால் திடீரென விடவே கூடாது, நெஞ்சுவலி வரலாம்.

கடலில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமென்றால், அதை முன்கூட்டியே சொல்லி, பத்து நாள் மாத்திரை கூடுதலாக வாங்குங்கள். அட்டையிலிருந்து பிரிக்காமல், இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஈரம் பட்டால் கெடும். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.